கிளாரன்ஸ் பார்டியின் வேகவைத்த சாப்பாடு

உலகத்திலேயே எந்த நாட்டுச் சமையல் சிறந்தது என்று சண்டை போட, உப்பையே தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட நான்கு பேரைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள். கனடாவில், ஹாமில்டன் நகரத்தின் கிழக்குப் பக்கம், டைல்ஸ் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் டயாலிசிஸ் நிலையம். திங்கள், புதன், வெள்ளி காலையில் ஜன்னலோரத்து நான்கு நாற்காலிகள் எங்களுடையவை. கையில் ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே இழுத்து, கழுவி, திரும்ப உள்ளே விட நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை கையை அசைக்கக் கூடாது. வாயை அசைக்கலாம்.

நான் நெவென்கா. குரோவேஷியாவிலிருந்து இளம்வயதில் வந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உழைத்து ஓய்வு பெற்றவள். எனக்கு எதிரே பேர்ல். ஜமைக்காக்காரி, நகரப் பேருந்து ஓட்டியவள். இன்றைக்கும் யாராவது குறுக்கே பேசினால் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுகிற மாதிரிப் பார்ப்பாள். மூலை நாற்காலியில் மிஸ்டர் குவோக். வடக்கே ஒரு சின்ன ஊரில் சீன உணவகம் நடத்தியவர். எனக்குப் பக்கத்து நாற்காலியில் கிளாரன்ஸ் பார்டி, பேர்லைத் தவிர எல்லோருக்கும் கிளார். நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்காரர். நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான்.

பத்தொன்பது வயதில் தீவை விட்டு வந்து இங்கே உருக்காலையில் சேர்ந்தார். கடைசிவரை கிரேன் ஓட்டினார். கனடாவில் யாரையாவது மடையன் என்று கிண்டல் பண்ண வேண்டுமென்றால் அந்தத் தீவுக்காரர்களைத்தான் பிடிப்பார்கள். உருக்காலையின் சாப்பாட்டு அறையில் தினமும் இதே விவாதம் நடக்குமாம். இத்தாலிக்காரன் வறுத்த மிளகாயைக் காட்டுவான், போலந்துக்காரன் தொத்திறைச்சியைக் காட்டுவான், எங்கள் குரோவேஷியா ஆட்கள் புகைபோட்ட பன்றிக்கறியைக் காட்டுவார்கள். கிளாரின் டப்பாவில் முந்தின நாள் வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் ஆறிப்போய்க் கிடக்கும். அவருடைய ஊரை யாரும் போட்டியிலேயே சேர்த்ததில்லை. ஒரு தடவை ஒரு இத்தாலிக்காரன் எட்டி அந்த டப்பாவை மூடிவைத்து, "செத்தவங்களைத் திறந்து போட்டு வைக்கக் கூடாதுப்பா, பாவம்" என்றானாம். அறையே சிரித்ததாம். இதைச் சொல்லும்போது கிளாரும் சிரிப்பார். ஆனால் அடிக்கடி சொல்வார்.

அந்தச் சாப்பாடு இதுதான். உப்பில் ஊறிய மாட்டிறைச்சியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, மறுநாள் பெரிய பானையில் வேகவைக்க வேண்டும். பட்டாணிப் பருப்பை ஒரு துணிப்பையில் கட்டி அதே பானைக்குள் தொங்கவிட வேண்டும். பிறகு டர்னிப், கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ள வேண்டும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் மனைவி எஃபி இதைச் செய்தாளாம். அவள் போன பிறகு அவரே செய்தார், சிறுநீரகம் கெட்டுப்போகும்வரை.

"பானையை அடுப்புல வச்சு, கையில கிடைச்சதையெல்லாம் உள்ள போட்டு, உயிர் போற வரைக்கும் வேகவைக்கிறது. இதுக்குப் பேரு சமையலா, மிஸ்டர் பார்டி? எங்க ஊர்ல இதைத் துணி துவைக்கிறதுன்னு சொல்லுவோம்," என்பாள் பேர்ல்.

"சலவைக்கூடத்துல நாங்களே அவ்வளவு நேரம் வேகவைக்க மாட்டோம். துணி கிழிஞ்சுரும்," என்பேன் நான்.

"பேசு கண்ணு, பேசு," என்று என் பக்கம் திரும்புவார் கிளார். அவருக்கு எல்லோருமே கண்ணுதான். நர்ஸ், டாக்டர், வேன் டிரைவர் யாரும் தப்ப முடியாது. "உன் சர்மா மட்டும் என்ன? முட்டைக்கோஸ நீ சுருட்டி வேகவைக்கிற, நான் சுருட்டாம வேகவைக்கிறேன். சுருட்டினதுக்கா இவ்வளவு கர்வம்?"

சர்மா என்பது புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலைக்குள் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டுவது. என் மாமியாரே என்னைப் பாராட்டிய ஒரே விஷயம். எனக்குக் கோபம் வரும். வந்தால் நல்லதுதான், ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

பேர்லை மட்டும் அவரால் எளிதில் மடக்க முடியாது. ஒரு நாள், "உங்க தேசிய உணவுல பாதி எங்களுதுதானே பேர்ல்? அக்கீப் பழத்தோட நீங்க வதக்குற உப்புக் கருவாடு எங்கேர்ந்து வந்துச்சு? எங்க தாத்தன் பிடிச்ச மீனு கண்ணு அது," என்று ஆரம்பித்தார்.

"வந்துச்சு, வந்துச்சு. நல்ல மீனையெல்லாம் ஐரோப்பாவுக்கு வித்துட்டு, கழிச்சுப் போட்டதைக் கரும்புத் தோட்டத்து அடிமைங்களுக்கு அனுப்புனீங்க. அந்தக் கழிசலையும் ருசியாக்கினது எங்க கை. இப்ப சொல்லுங்க, அது யாரு சமையல்?"

"தரம் பிரிச்சது வியாபாரிம்மா. எங்க ஆளுங்க நல்லதும் பொல்லதும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க, கையில காசுன்னு ஒண்ணு பார்த்ததில்ல," என்றார் கிளார்.

மிஸ்டர் குவோக் பாதி நேரம் தூங்குவார். விழித்தால் ஒரே கட்சிதான். "உலகத்துல ரெண்டு சமையல்தான். ஒண்ணு சீனச் சமையல். இன்னொண்ணு, வெளியூர்ல சீனாக்காரன் வயித்துப்பாட்டுக்குப் பண்ற சமையல். ரெண்டாவதை நான் ஆயுசு பூரா பண்ணிட்டேன். அதைப் போட்டியில சேர்க்காதீங்க."

பேர்ல் ஒரு தடவை நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சட்டத்தை இங்கேயும் கொண்டுவந்தாள். ஒருவர் சமையல் ஜெயிக்க வேண்டுமென்றால் மற்ற மூன்று பேரும் ஒருமனதாக ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு தலை ஆடாவிட்டாலும் விவாதம் தொடரும். எங்களுக்கு என்ன அவசரம்? சிறுநீரகம் திரும்பி வரப்போவதில்லை.

இந்தக் களைப்பை வெளியாட்களுக்குப் புரியவைக்க முடியாது. தூங்கினால் போகிற களைப்பு இல்லை இது. ஊசியை எடுத்ததும் கால் துணி மாதிரித் துவளும். வீட்டுக்குப் போய் விழுந்தால் அந்த நாள் முடிந்தது. மறுநாள் கொஞ்சம் மனுஷியாக இருக்கலாம், அதற்கடுத்த நாள் மறுபடி ஊசி. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். வாழைப்பழம், தக்காளி, ஆரஞ்சு எதுவும் ஆகாது. உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்தால் ஒரு பிடி சாப்பிடலாம். அதற்குப் பிறகு அது கிழங்கே இல்லை. எனக்கு இது இரண்டு வருஷம். கிளாருக்கு ஆறு.

கோடைக்காலத்தில் ஒரு நாள், எங்களை வீட்டில் விடுகிற வேனில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அவருடைய கையில் ஊசி குத்துகிற நாளம் இரண்டாம் முறையாக அடைத்துக்கொண்டு, கழுத்துப் பக்கம் குழாய் போட்டிருந்தார்கள். கால்விரல்கள் இரண்டை எடுத்தாகிவிட்டது. மாற்றுச் சிறுநீரகத்தை அவர் இதயம் தாங்காது என்றும் சொல்லிவிட்டார்கள்.

"நிறுத்திரலாமான்னு பார்க்குறேன் கண்ணு," என்றார். மழை வருமா என்று பார்ப்பவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் கூட்டத்தில் இந்த வார்த்தையை யாரும் விளையாட்டாகச் சொல்ல மாட்டோம். நிறுத்தினால் என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கருணையாக ஏதாவது சொல்லத் தெரிந்தவள் இல்லை நான். வாயில் வந்தது இதுதான்:

"தோத்தவனாவா போகப் போறீங்க? அந்த இத்தாலிக்காரன் சொர்க்கத்துல உட்கார்ந்து சிரிப்பான். உங்க சாப்பாடு ஒரு போட்டியிலயாவது ஜெயிக்கட்டும், அப்புறம் போங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு வேனே குலுங்குகிற மாதிரிச் சிரித்தார். "சரி. நீ ஒத்துக்குற வரைக்கும் இருக்கேன். போதுமா?"

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"தெரியும். கழுதை மாதிரிப் பிடிவாதக்காரி நீ."

அன்றிலிருந்து நான் பிடித்த பிடியை விடவில்லை. மிஸ்டர் குவோக் தூக்கம் கெடாமலிருக்க யாருக்கு வேண்டுமானாலும் தலையாட்டுவார். பேர்லும் இளக ஆரம்பித்தாள். "மிஸ்டர் பார்டி சொல்றதைக் கேக்கக் கேக்க எனக்கே பசிக்குது மிஸ் நெவென்கா," என்றாள் ஒரு நாள். நான் பாய்ந்தேன். வேகவைத்த கோஸைப் பழித்தேன், துணிப்பையில் பருப்பா என்று பழித்தேன், அந்தத் தீவையே கடலோடு சேர்த்துப் பழித்தேன். நான் திட்டத் திட்ட கிளார் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அந்த நிமிர்வுக்காகத்தான் திட்டினேன். வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மனிதனைச் சண்டையால் கட்டிவைத்திருப்பது சுலபமில்லை. என் உடம்பிலும் இருந்தது பாதி உயிர்தான்.

செப்டம்பரில் பேர்ல் ஒரு யோசனை சொன்னாள். கிளார் வேனில் சொன்னது அவளுக்குத் தெரியாது. "வாயால பேசியே கிழவி ஆயிட்டேன். சாட்சி இல்லாம ஜூரி எப்படித் தீர்ப்பு சொல்லும்? நன்றித் திருநாள் திங்கக்கிழமை வருது. அன்னிக்கும் நமக்கு ஊசி உண்டு. ஆளுக்கொரு டப்பா கொண்டுவருவோம். ஆனா நம்ம பத்தியத்துக்குள்ள பண்ணணும். உப்பு கிடையாது, கிழங்குன்னா ரெண்டு தடவை வேகவைக்கணும்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்தப் பத்தியத்தில் செய்த எந்தச் சாப்பாடும் ஜென்மத்துக்கும் ஜெயிக்காது. விவாதம் கிறிஸ்துமஸைத் தாண்டும், ஈஸ்டரைத் தாண்டும். உடனே சரி என்றேன்.

நாற்காலியில் சாப்பிடக் கூடாது என்பது நிலையத்தின் விதி; சாப்பிட்டால் ரத்த அழுத்தம் விழும். ஆனால் எங்களுக்குள்ளே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. ஆகாததை ஊசி குத்திய முதல் மணி நேரத்தில் தின்றுவிட்டால் மெஷினே கழுவி எடுத்துவிடும் என்று. பல பேர் கோட்டுப் பைக்குள் சாக்லேட் வைத்திருப்போம். எங்கள் நர்ஸ் மரிவிக்குக்கு இது தெரியாமலில்லை. "நான் எதையும் பார்க்கல. முதல் மணி நேரத்துக்குள்ள முடிச்சிருங்க. யாருக்காவது பிரஷர் இறங்குச்சு, அப்ப நல்லாப் பார்ப்பேன்," என்றாள்.

அந்தத் திங்கள்கிழமை கிளார் வேனில் வரவில்லை. மகள் ரோண்டா காரில் கொண்டுவந்து விட்டாள். அவள் கண் வீங்கியிருந்தது. விடுமுறை நாளில் சீக்கிரம் எழுந்த வீக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் பேர்லின் டப்பா. கருவாட்டை மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்து உப்பையெல்லாம் விரட்டியிருந்தாள். வாயில் போட்டால் பஞ்சு. "எங்க பாட்டனைக் கரும்புத் தோட்டத்துல கட்டிப்போட்டவன்கூட இதைச் சாப்பிடக் கொடுத்திருக்க மாட்டான்," என்று அவளே டப்பாவை மூடினாள். என் சர்மாவில் புளித்த இலைக்குப் பதில் பச்சை இலை. ஈரமான அட்டைக்குள் அரிசி. கிளார் ஒன்றை மென்று முடித்து, "சுருட்டினது நல்லாயிருக்கு," என்றார். சோயா சாஸ் இல்லாத மீனை மிஸ்டர் குவோக் தானே ஒரு வாய் தின்று பார்த்தார். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. "மன்னிச்சுருங்க," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்க ஆரம்பித்த நாங்கள் நடுவிலேயே நிறுத்திவிட்டோம். சீனா, ஜமைக்கா, குரோவேஷியா மூன்றும் ஒரே ருசியில் வந்து சேர்ந்திருந்தன. நோயாளியின் ருசி.

கிளார் கடைசியாகத் தன் அகலவாய் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். மரிவிக் சின்னக் காகிதக் கிண்ணங்களில் பரிமாறினாள்; எதையும் பார்க்காதவள் அதை மட்டும் செய்தாள். கறி ஒரு துண்டு, கிழங்கு ஒரு துண்டு, கொஞ்சம் கோஸ், மேலே மஞ்சளாக மசித்த பருப்பு.

பேர்ல் ஒரு வாய் வைத்தாள். அவள் கை நின்றது. மிஸ்டர் குவோக் மெல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். நானும் வைத்தேன்.

கறி நாரிழையாகப் பிரிந்தது. கிழங்கு கிழங்காக இருந்தது. கோஸில் கறியின் கொழுப்பு ஏறியிருந்தது, பருப்பில் எல்லாமே ஏறியிருந்தது. நாக்கின் ஓரமெல்லாம் விழித்துக்கொண்டு எச்சில் ஊறியது. இரண்டு வருஷமாக என் வாய்க்குள் நடக்காத ஒன்று நடந்தது. விழுங்கின பிறகுதான் எனக்கு என்னவென்று புரிந்தது.

"இதான்," என்றாள் பேர்ல். "நீங்க அனுப்புன கழிசல் கருவாட்டை மன்னிச்சுட்டேன் மிஸ்டர் பார்டி. என் ஓட்டு உங்களுக்கு." மிஸ்டர் குவோக் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கிளார், இதுல உப்பு இருக்கு," என்றேன்.

"இருக்கு கண்ணு."

"கழுவலையா?"

"எஃபி எவ்வளவு ஊறவைப்பாளோ அவ்வளவுதான் ஊறவச்சேன். கிழங்கு ஒரே தடவைதான் வெந்துச்சு. உங்களுக்குக் கொடுத்தது ஒரு வாய்தான், மெஷின் பார்த்துக்கும்."

"உங்களுக்கு?"

"நான் நேத்து ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். ரோண்டா கூட உட்கார்ந்து."

மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மரிவிக் ஒரு ஓரமாக நின்று கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"டாக்டர்கிட்ட பேசிட்டீங்களா?"

"வியாழக்கிழமை. நிறுத்துறதுக்குக் கையெழுத்தும் போட்டாச்சு."

"அப்ப இன்னிக்கு எதுக்கு வந்தீங்க? எதுக்கு இந்த மெஷின்?" நான் கத்தியிருக்கிறேன். தூரத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"போட்டி இருக்குல்ல," என்றார் கிளார்.

பேர்ல் தன் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஏமாற்றிவிட்டார் என்று ஆத்திரம். பத்தியத்துக்குள் சமைக்க வேண்டும் என்பதுதானே விதி? விதியை மீறின சாப்பாடு செல்லாது என்று சொல்லலாம். சொல்ல வாயெடுத்தேன்.

"நான் ஒத்துக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"

கழுத்துக் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவினார். அந்த இடம் எப்போதும் அரிக்கும். "கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். நீ மாட்டேன்னா புதன்கிழமை வர்றேன். கையெழுத்தைக் கிழிச்சுப் போடச் சொல்லிட்டு வர்றேன். வெள்ளிக்கிழமையும் வர்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா எனக்கு முடியல நெவென்கா."

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முடியல என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் தைரியமாக இருங்கள் என்று வாய்க்கு வந்ததை உளறியிருப்பார்கள். நான் தினமும் அந்த வார்த்தையோடுதான் எழுந்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கோடையிலிருந்து நான் நிமிர்த்தி நிமிர்த்தி வைத்த முகம். அதில் சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. எனக்காக உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

கிண்ணத்தில் இன்னும் ஒரு வாய் இருந்தது. ஆறிப்போயிருந்தது. அதையும் எடுத்துச் சாப்பிட்டேன். ஆறியும் நன்றாகத்தான் இருந்தது.

"ஒத்துக்குறேன்," என்றேன்.

"என்னன்னு?" மனிதர் விடுவாரா. "முழுசாச் சொல்லு. ஜூரி கேக்கணும்ல."

"உலகத்துலேயே உங்க ஊர்ச் சமையல்தான் பெருசு. சீனாவைவிட, ஜமைக்காவைவிட. என் சர்மாவைவிட. போதுமா கிழவா?"

"ஒருமனதான தீர்ப்பு!" என்று பேர்ல் அழுகையோடு பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் அறிவித்தாள். மிஸ்டர் குவோக் ஊசி இல்லாத கையால் தொடையில் தட்டினார். கிளார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, மெஷின் நிற்கிறவரை தூங்கினார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை வேன் அவர் தெருவுக்குள் திரும்பாமல் நேரே போனது. அடுத்த வாரம் வியாழக்கிழமை ரோண்டா ஃபோன் பண்ணினாள். வலி இல்லாமல் போனாராம். கடைசிவரை வேண்டியதைச் சாப்பிட்டாராம்.

அன்றைக்கு நான் சொன்னது பொய்யா என்று பேர்ல் ஒரு நாள் கேட்டாள். பொய்யில்லை. வருஷக்கணக்காக உப்புக் காணாத நாக்குக்கு அதுதான் உலகத்திலேயே பெரிய சாப்பாடு. ஆனால் நான் தலையை ஆட்டாமல் இருந்திருந்தால் கிளார் புதன்கிழமை வந்திருப்பார். வருகிறேன் என்று சொன்னால் வருகிற மனிதர். தெரிந்துதான் ஒத்துக்கொண்டேன்.